பழைய வீட்டில் செழித்த செடிகள், அதே உரமும் அதே தண்ணீரும் கொடுத்தும், புதிய லேஅவுட்டுக்கு வந்ததும் ஏன் வாடுகின்றன? பருவத்துக்கேற்ற பராமரிப்பு இரண்டு இடத்துக்கும் ஒன்றுதானா?

இரண்டு வகைப் பகுதியிலும் குடியிருந்து, இரண்டிலும் செடிகளைச் சாகடித்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். புதிய மனையில் போனது எண்ணிக்கையில் அதிகம். பழைய வீட்டில் போனது ஒன்றே ஒன்று. ஆனால் அது நான் பிறப்பதற்கு முன்பே நின்ற மரம்.

அதே செடி, அதே உரம், அதே தண்ணீர் என்கிறீர்கள். மண் மட்டும் அதே மண் இல்லை. வீடு கட்டத் தொடங்கும்போதே பொக்லைன் மேல்மண்ணை வழித்துவிடும். அடியில் கிடந்த களிமண் மேலே வரும். அதன்மேல் மாதக்கணக்கில் லாரி ஏறி இறங்கும். வேலை முடிந்ததும் மிச்ச ஜல்லி, உடைந்த செங்கல், இறுகிப்போன சிமெண்ட் எல்லாவற்றையும் பள்ளத்தில் தள்ளி, மேலே நாலு விரல் செம்மண்ணைத் தூவிவிட்டுப் போவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கடப்பாரையை இறக்கிப் பாருங்கள், டங்கென்று சத்தம் வரும்.

சிமெண்டிலும் காரையிலும் இருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதுதான் காரணமோ என்று சந்தேகப்படலாம். நான் சந்தேகப்படவில்லை. உரம் போதவில்லை என்று மேலும் மேலும் கொட்டினேன்.

எதையும் நடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2.5 செ.மீ. கூட இறங்காவிட்டால் வடிகால் மோசம். என் மனையில் முதல் நாள் மாலை ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையில் பாதிக் குழி அப்படியே நின்றது. அந்த லட்சணத்தில் நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? இறுகிய களிமண்ணில் குழி வெட்டி, அதில் மட்டும் நல்ல மண்ணும் தொழு உரமும் நிரப்பிக் கன்று நட்டிருந்தேன். மழை பெய்ததும் அது அடியில் ஓட்டையில்லாத வாளியானது. சுற்றியிருந்த தண்ணீரெல்லாம் அங்கே வந்து நின்று வேர் அழுகியது. மணல் கலந்தால் சரியாகும் என்பவர்களையும் நம்பாதீர்கள். களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்ந்தால் அது இன்னும்தான் இறுகும்.

ஆகவே புதிய இடத்தில் முதல் வருடம் மண்ணுக்கு. மண் ஈரப்பதமாக இருக்கும்போது (சொதசொதவென்று அல்ல) 20 முதல் 30 செ.மீ. ஆழம் கொத்திவிட்டு, 5 செ.மீ. கனத்துக்கு மக்கு உரம் பரப்பிக் கலக்குங்கள். சணப்பை போன்ற பசுந்தாள் பயிரை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதாலும் நல்லது. கூடவே தரையின் சரிவைப் பாருங்கள்: சுவரிலிருந்து முதல் 3 மீட்டருக்குள் தரை 15 செ.மீ. சரிந்தால் தண்ணீர் அஸ்திவாரத்தை விட்டு விலகி ஓடும். முதல் பெரிய மழையில் குடையோடு வெளியே போய், தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று நின்று பாருங்கள். எந்த வரைபடமும் அவ்வளவு சரியாகச் சொல்லாது. ஆனால் ஈர மண்ணில் நடமாட்டத்தைக் குறையுங்கள். மிதித்தால் கொத்திவிட்டதெல்லாம் மறுபடி இறுகிவிடும்.

பழைய பகுதியின் கதை நேரெதிர். அங்கே மண் பெரும்பாலும் தேறியிருக்கும். கெடுப்பது நம் ஆர்வம்தான். மர வேர் பாதாளம் வரை போவதாக நினைத்திருந்தேன். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல் அரை மீட்டருக்குள்ளேயே இருக்கும். கிளைப் பரப்பையும் தாண்டி ஓடும். அது தெரியாமல் மரத்தடியைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, ஒரு முழ உயரத்துக்கு மண் கொட்டிப் பூச்செடி வைத்தேன். வேருக்குக் காற்றுப் போகவில்லை. உடனே தெரிந்திருந்தால் மண்ணை அள்ளியிருப்பேன். மூன்றாம் வருடம்தான் உச்சிக் கிளைகள் காயத் தொடங்கின. வேரைக் காக்க, அடிமரத்தின் குறுக்களவில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் சுற்றிலும் 30 செ.மீ. தூரம் விட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. 50 செ.மீ. தடிமரம் என்றால் சுற்றிலும் 6 மீட்டருக்குள் பள்ளம் தோண்டுவதும் மண் ஏற்றுவதும் கூடாது.

பழைய வீட்டில் இன்னொன்றும் உண்டு, ஈயம். அந்தக் காலப் பெயிண்டிலும் பெட்ரோலிலும் ஈயம் கலந்தார்கள். ஈயம் கலந்த பெட்ரோலை வாகனங்களுக்கு விற்பதைக் கடைசி நாடு நிறுத்தியதே 2021இல்தான். மண்ணில் படிந்தது தானாகப் போகாது. பெயிண்ட் உரிந்த சுவரோரத்திலும் சாலையோரத்திலும், மண்ணைப் பரிசோதிக்காமல் கீரை, கிழங்கு போடாதீர்கள். குழந்தைகள் விளையாடும் இடம் என்றால் வெறும் மண் தெரியாமல் புல்லோ மூடாக்கோ (மண்ணை மூடும் சருகு, வைக்கோல்) போட்டுவிடுங்கள்.

கோடை வேலை இரண்டு இடத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு, தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. தினமும் தெளிப்பதைவிட இடைவெளி விட்டு ஆழ நனைப்பது மேல். புல்லை ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காதீர்கள்.

மழைக்காற்றுக்கு முன் பழைய மரங்களின் பட்ட கிளைகளைக் கழிக்க வேண்டும். அடிமரத்தோடு மழிப்பதுபோல் வெட்டக் கூடாது. கிளை தொடங்கும் இடத்தில் சற்றே புடைத்திருக்கும் வளையத்தை விட்டு வெட்ட வேண்டும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்தே இதை விளக்கினார்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது. வெட்டிய இடத்தில் தாரோ பெயிண்டோ பூசுவது வீண்.

இலை உதிரும் காலத்தில் உங்கள் பழைய பகுதிக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே சருகை மூட்டை மூட்டையாகக் கட்டித் தெருவில் வைத்திருப்பார்கள். கேட்டு வாங்கி வாருங்கள். உங்கள் புது மண்ணுக்கு இல்லாதது அதுதான்.

இப்போது வாடி நிற்பவற்றில் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வெளுப்பாகவும் உறுதியாகவும் இருந்தால் மற்றவற்றையும் தொட்டிக்கு மாற்றி ஒரு வருடம் அங்கேயே வைத்திருக்கலாம். பழுப்பாகிக் கொழகொழவென்று நாறினால் தூக்கிப் போடுங்கள். அந்தக் குழியிலேயே அடுத்ததை நடாதீர்கள். சுற்றியுள்ள களிமண்ணை நன்றாக உடைத்துவிட்டு, தண்ணீர் விட்டு மறுபடி அளந்து பாருங்கள்.