ஃபர்னஸ் பற்றிக்கொண்டு சில நொடியில் அணைந்துவிடுகிறதே, என்ன பார்க்கலாம்?

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோவில் வீடு வாங்கி முதல் குளிர்காலம். வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸில் தீ பற்றுகிறது, சில நொடியில் அணைந்துவிடுகிறது. இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. ஆளைக் கூப்பிடும் முன் நாமே என்ன பார்க்கலாம்?

முதலில் ஒன்று. வீட்டில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் எதையும் சோதிக்க வேண்டாம். விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து, தள்ளி நின்று 911-ஐ அழையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலும் இதேதான்.

நாற்றம் எதுவும் இல்லை என்றால் மேலே ஒருவரை நிறுத்தி தெர்மோஸ்டாட்டை மூன்று டிகிரி ஏற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ் முன்னால் நில்லுங்கள். முதலில் ஒரு சின்ன விசிறி சுற்றும் சத்தம் கேட்கும். எரிந்த புகையை இழுத்து வெளியே தள்ளும் இன்டியூசர் அது. அது சரியாக இழுக்கிறது என்று பிரஷர் சுவிட்ச் ஒத்துக்கொண்ட பிறகுதான் தீ மூட்டும் இக்னைட்டர் ஆரஞ்சு நிறத்தில் கனலும். அப்புறம் ‘டக்’ என்று கேஸ் வால்வு திறந்து, பர்னர்களில் வரிசையாகத் தீ ஓடும். தீ இருப்பதை ஃப்ளேம் சென்சர் உறுதி செய்ய வேண்டும். அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்துத்தான் வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்பும் பெரிய புளோயர் கிளம்பும். முந்தைய படி முடியாமல் அடுத்தது நடக்காது. அதனால் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டாலே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் பாகத்தை மாற்றிக்கொண்டே போவது வீண்செலவு.

உங்கள் ஃபர்னஸ் தீ பற்றும் படி வரை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அணைகிறது என்றால் என் முதல் சந்தேகம் ஃப்ளேம் சென்சர் மேல்தான். பீங்கான் பிடியில் செருகிய, பென்சிலைவிட மெல்லிய ஒரு உலோகக் கம்பி அது. கடைசி பர்னரின் தீக்குள் நீட்டிக்கொண்டு இருக்கும். அது சூட்டை அளக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. தீ மின்சாரத்தைக் கடத்தும். ஃபர்னஸை இயக்கும் மின்னணு போர்டு அந்தக் கம்பிக்கு ஏசி, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம் கொடுக்கிறது, அது தீயின் வழியாக பர்னர் உலோகத்துக்குப் போகிறது. கம்பி சின்னது, பர்னர் பெரியது என்பதால் ஒரு திசையில்தான் மின்னோட்டம் நன்றாகப் பாயும். கிடைப்பது ஒரே திசையில் பாயும் சில மைக்ரோஆம்ப் மின்னோட்டம் (டிசி)தான். அது வந்தால் தீ இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் சில நொடிக்குள் போர்டு கேஸை நிறுத்திவிடும். கம்பியில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத படலம் படிந்தால்கூட அந்தத் துளி மின்னோட்டம் தடைபட்டுவிடும். எரியாத கேஸ் வீட்டுக்குள் சேராமல் தடுக்கும் காவல் இது. அதனால் இதை ஏமாற்றி ஓட்டும் குறுக்குவழி எதையும், யார் சொன்னாலும், செய்யாதீர்கள்.

சுத்தம் செய்வது எளிது. ஆனால் பவரை அணைக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஃபர்னஸின் கீழ்க் கதவில் உள்ள சின்னக் கண்ணாடி வழியாக போர்டில் மின்னும் எல்இடியைப் பாருங்கள். எத்தனை முறை மின்னி நிற்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் அதற்கான விளக்கம் இருக்கும். பவர் போனால் சில மாடல்களில் அந்தக் குறி அழிந்துவிடும். பிறகு ஃபர்னஸ் சுவிட்சையும் கேஸ் குழாயின் கைப்பிடியையும் மூடிவிட்டு, சென்சரைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகைக் கழற்றி, கம்பியை மெல்ல வெளியே எடுங்கள். மெல்லிய ஸ்டீல் வுல்லால் பளபளக்கும் வரை தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள். சொரசொரப்பான உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறலில் படலம் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். பக்கத்தில் உள்ள இக்னைட்டரில் விரல் படக்கூடாது, சட்டென்று உடையும். இதைச் செய்யத் தயக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள். டெக்னீஷியனுக்கு இது சில நிமிட வேலை.

மற்ற இடங்களில் நின்றால் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். எந்தச் சத்தமுமே இல்லையென்றால் தெர்மோஸ்டாட் பேட்டரி, பிரேக்கர், அப்புறம் ஃபர்னஸ் சுவிட்ச். அது பார்க்க விளக்கு சுவிட்ச் மாதிரியே இருக்கும். பேஸ்மென்ட்டுக்குப் பொருள் எடுக்கப் போனவர் தெரியாமல் அணைத்துவிட்டு வருவது வழக்கம்தான். ஃபில்டர் மாற்றிய பிறகு ஓடவில்லை என்றால் கதவு சரியாக உட்காரவில்லை. உள்ளே ஒரு பொத்தான் சுவிட்ச் இருக்கிறது, கதவு அதை அழுத்தினால்தான் ஓடும்.

இன்டியூசர் சுற்றுகிறது, இக்னைட்டர் கனலவில்லை என்றால் வெளியே போய்ச் சுவரில் நீட்டியிருக்கும், ஃபர்னஸுக்குக் காற்றும் புகையும் போய்வரும் வெள்ளை பிவிசி குழாய்களைப் பாருங்கள். பனி மூடியிருக்கலாம், கோடையில் குளவி கூடு கட்டியிருக்கலாம். அடுத்தது தண்ணீர். இப்போதைய ஃபர்னஸ்கள் புகையில் உள்ள நீராவியையும் குளிரவைத்து அதன் சூட்டையும் எடுத்துக்கொள்கின்றன. அதனால் நாள் முழுக்க ஓடினால் பல லிட்டர் தண்ணீர் வடியும். அந்தத் தண்ணீர் வடியும் ட்யூப் அடைத்துக்கொண்டால் பிரஷர் சுவிட்ச் ஒத்துக்கொள்ளாது. டிரெய்னுக்குப் போகும் ட்யூப் மடங்கியிருக்கிறதா, உறைந்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சில நிமிடம் நன்றாக எரிந்துவிட்டு தீ மட்டும் அணைந்து, பெரிய புளோயர் தொடர்ந்து ஓடினால் பெரும்பாலும் ஃபில்டர்தான். காற்று போதாமல் உள்ளே சூடேறி, லிமிட் சுவிட்ச் தீயை நிறுத்துகிறது. ஓர் அங்குல ஃபில்டரைக் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், விளக்குக்கு எதிரே பிடித்து வெளிச்சம் வரவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும். ஆள் இல்லாத அறைகளில் சூடான காற்று வரும் வென்ட்டை மூடினால் கேஸ் மிச்சம் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் சொல்வார்கள். நான்கைந்தை மூடினால் இதே சூடேறும் பிரச்சினைதான் வரும்.

இதையெல்லாம் பார்த்தும் ஓடவில்லையென்றால் ஆளைக் கூப்பிடுங்கள். ஒன்டாரியோவில் கேஸ் வேலைக்கு வருபவர் மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏ-வில் (TSSA) பதிவு செய்த நிறுவனத்தைச் சேர்ந்தவராக, உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். “ஃபர்னஸ் ஓடல” என்று மட்டும் சொல்லாதீர்கள். “தீ பத்துது, அஞ்சு செகண்டுல அணையுது, லைட் இத்தனை தடவை மின்னுது” என்று சொன்னால் தேவையான பாகத்தோடு வருவார். தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல், ஃபர்னஸையே மாற்ற வேண்டும் என்று சொன்னால் விரிசலைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையிலேயே விரிசல் இருந்தால் ஓட்டவே கூடாது, அது உயிர் விஷயம். ஆனால் அன்றிரவே புது ஃபர்னஸுக்கோ வாடகை ஒப்பந்தத்துக்கோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை; இன்னொருவரையும் கேளுங்கள். அழைக்காமல் வாசலுக்கு வந்து ஃபர்னஸ் ஒப்பந்தம் போடுவதை ஒன்டாரியோ 2018-லேயே தடை செய்துவிட்டது, அப்படி வருபவரை உள்ளே விட வேண்டாம்.

ஆள் வரும் வரை குளிருக்காக கேஸ் அடுப்பைப் பற்றவைத்து வைக்காதீர்கள், பார்பெக்யூவை உள்ளே கொண்டுவரவே கூடாது. இரண்டும் கார்பன் மோனாக்சைடு வரும் வழி. எலெக்ட்ரிக் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் வயரில் போடாமல் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி, எல்லோரும் ஒரே அறையில் படுங்கள். சிங்க்குக்குக் கீழே உள்ள கதவுகளைத் திறந்துவைத்து, வெளிச்சுவரை ஒட்டிய குழாயில் தண்ணீரை மெல்லிய நூலாக ஓடவிடுங்கள், பைப் உறையாமல் இருக்கும்.