சிறுகோள் ஒன்று பூமியில் மோதினால் உண்மையில் என்னென்ன நடக்கும்?

சிறுகோள் மோதினால் விழுந்த இடத்தில் மட்டும்தான் சேதமா, அல்லது உலகமே அழிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே பூமியில் நடந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்டவையும் நடந்திருக்கின்றன. கல்லின் அளவும் வேகமும் எவ்வளவு முக்கியமோ, அது எங்கே விழுகிறது என்பதும் ஏறக்குறைய அதே அளவுக்கு முக்கியம். இந்தப் பின்பாதியைப் பெரும்பாலானோர் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் இயற்பியல் கற்பிப்பவன். அகன்ற தட்டில் மணலைப் பரப்பி, அதன்மேல் சிறிது மாவைத் தூவி, இரும்புக் குண்டுகளை அதில் போட்டுப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்வது வழக்கம். நேராகப் போட்டால் வட்டமான குழி விழும்; தட்டையொட்டி மிகச் சாய்வாக எறிந்தால் உழுத சால் போல நீளமாக விழும். அப்போது யாராவது ஒருவர், நிலாவில் இருக்கும் குழிகள் மட்டும் ஏன் வட்டமாகவே இருக்கின்றன, அங்கே எல்லாக் கல்லும் நேராகத்தான் விழுந்ததா என்று கேட்டுவிடுவார். உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வி வரவேண்டும் என்பதற்காகத்தான் மணலைப் பரப்புகிறேன். பூமியில் வந்து விழும் சிறுகோளின் வேகம் நொடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாது. பெரும்பாலும் 20 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும். அந்த வேகத்தில் வரும் ஒரு கிலோ கல்லின் இயக்க ஆற்றல், ஏறக்குறைய 50 கிலோ டி.என்.டி. வெடிபொருளின் ஆற்றலுக்குச் சமம். ஆகவே அது மணலில் விழுந்த குண்டைப் போலத் தோண்டிக்கொண்டு போவதில்லை, வெடிக்கிறது. தரையையொட்டி மிகச் சாய்வாக வந்தாலொழிய, எந்தச் சாய்வில் வந்தாலும் வெடிப்பு எல்லாத் திசையிலும் பரவுவதால் பள்ளம் வட்டமாகிறது.

இது புரியாமல் ஒருவர் தம் செல்வத்தையே இழந்தார். அமெரிக்காவின் அரிசோனாவில் ஏறத்தாழ 1,200 மீட்டர் அகலமும் 170 மீட்டர் ஆழமும் கொண்ட பள்ளம் ஒன்று உள்ளது. அதன் அடியில் மாபெரும் இரும்புப் பாளம் புதைந்திருக்கிறது என்று நம்பிய டேனியல் பாரிங்கர், 1903 முதல் கால் நூற்றாண்டுக்கு மேலாக அங்கே துளையிட்டுத் தேடினார். வந்த கல் அவர் நினைத்ததைவிட மிகச் சிறியது, அதிலும் பெரும்பகுதி ஆவியாகியும் உருகித் தெறித்தும் போயிருக்கும் என்று 1929இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் காலமானார். அந்தப் பள்ளத்தை உண்டாக்கியது சுமார் 50 மீட்டர் அகலமுள்ள இரும்புக் கல் என்பதே இன்றைய மதிப்பீடு.

ஏறக்குறைய அதே அளவுள்ள கல் இரும்பாக இல்லாமல் வெறும் பாறையாக இருந்தால் கதை முற்றிலும் மாறிவிடும். 1908 ஜூன் 30 அன்று சைபீரியாவின் துங்குஸ்கா காட்டின்மேல் வந்த பொருள் தரையைத் தொடவேயில்லை. சில கிலோமீட்டர் உயரத்திலேயே வெடித்துச் சிதறியது. 2,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் சுமார் 8 கோடி மரங்கள் சாய்ந்தன. 1927இல் பள்ளத்தைத் தேடிப் போன லியோனித் குலிக் பள்ளம் எதையும் காணவில்லை. மாறாக, சுற்றிலும் மரங்கள் வெளிநோக்கி விழுந்து கிடக்க, நடுப்பகுதியில் மட்டும் கிளைகள் உரிந்த மரங்கள் கம்பம் நட்டாற்போல நின்றுகொண்டிருந்தன. அதிர்வலை செங்குத்தாக மேலிருந்து இறங்கிய இடம் அது.

நம் வாழ்நாளில் நடப்பதற்கு அதிக வாய்ப்புள்ளது இந்த வகைதான். 2013 பிப்ரவரி 15 காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்தின் அருகே, சுமார் 20 மீட்டர் அகலமுள்ள கல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. வெளிப்பட்ட ஆற்றல் ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு. வானத்தில் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தைப் பார்த்தவர்களில் பலர் என்னவென்று பார்க்கச் சன்னலருகே ஓடினார்கள். ஒளி உடனே வந்துவிட்டது. அதிர்வலையோ ஒலியைப்போலவே மெதுவாக, ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. சன்னல்கள் அவர்கள் முகத்துக்கு நேராக உடைந்தன. காயமடைந்த ஏறக்குறைய 1,500 பேரில் பெரும்பாலானோரைக் காயப்படுத்தியது கண்ணாடிச் சில்லுகளே, உயிரிழப்பு ஏதுமில்லை.

கல்லின் அகலம் இரட்டிப்பானால் நிறையும் ஆற்றலும் எட்டு மடங்காகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், 140 மீட்டரைத் தாண்டிய கற்களை விண்வெளி நிறுவனங்கள் ஏன் தனியாகக் கணக்கெடுக்கின்றன என்பது விளங்கும். அத்தகைய ஒன்று பெரும் நிலப்பகுதி ஒன்றையே நாசமாக்கவல்லது. கடலில் விழுந்தால் சுனாமி வரும் என்பது உண்மைதான், ஆனால் நடுத்தரக் கற்கள் எழுப்பும் அலைகள் நிலநடுக்கச் சுனாமியைப் போல நெடுந்தொலைவு வலுக்குன்றாமல் செல்வதில்லை. படங்களில் காட்டப்படும் வானளாவிய அலைக்கு நான் அவ்வளவு முக்கியத்துவம் தரமாட்டேன். ஒரு கிலோமீட்டரைத் தாண்டும்போதுதான் விளைவு உலகளாவியதாகிறது.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் விழுந்த கல், 10 கிலோமீட்டருக்கும் அதிக அகலம் கொண்டது. சிக்சுலுப் என்ற அந்தப் பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். பெருவெப்பம், நிலநடுக்கம், மெக்சிகோ வளைகுடாவில் எழுந்த பேரலைகள் எல்லாம் முதல் சில மணி நேரத்து நிகழ்வுகள். பூமியின் மறுபக்கத்தில் இருந்த டைனோசரை அவை எதுவும் நேரடியாகக் கொன்றிருக்க வேண்டியதில்லை. விழுந்த இடத்தின் பாறை ஜிப்சமும் சுண்ணாம்பும் நிறைந்தது. ஜிப்சம் ஆவியானபோது கந்தகம் வானில் ஏறிச் சூரிய ஒளியைத் தடுக்கும் நுண்துளிப் போர்வையானது. அதனுடன் பாறைத்தூளும் புகைக்கரியும் சேர்ந்துகொண்டன. ஒளிச்சேர்க்கை முடங்கியது, செடியைத் தின்றவை பட்டினி கிடந்தன, அவற்றைத் தின்றவையும் பின்னாலேயே போயின. உயிரினங்களில் ஏறக்குறைய 75 சதவீதம் மறைந்தன. 2016இல் அந்தப் பள்ளத்தில் துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகளில், சுற்றுவட்டாரத்தில் மிகுதியாக இருக்கும் ஜிப்சம் கிட்டத்தட்டக் காணப்படவே இல்லை. அது எங்கே போனது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. புவிப்பரப்பில் சுமார் 13 சதவீத இடங்களில் விழுந்திருந்தால் மட்டுமே இத்தகைய பேரழிவு நேர்ந்திருக்கும் என்று 2017இல் வெளிவந்த ஒரு கணினி மாதிரி ஆய்வு கணித்தது. அந்த எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. விழுந்த இடமே தீர்ப்பை எழுதியது என்ற கருத்தை நான் ஏற்கிறேன்.

அந்தக் கதை முழுவதும் இத்தாலியின் குப்பியோ நகரத்துக்கு அருகே, ஒரு விரல் தடிமன்கூட இல்லாத களிமண் படிவில் அடங்கியிருக்கிறது. அதற்குக் கீழே உள்ள சுண்ணாம்புப் பாறையை உருப்பெருக்கியில் பார்த்தால் நுண்ணுயிர் ஓடுகள் பெரிது பெரிதாக நிறைந்திருக்கும். மேலே உள்ள பாறையில் மிகச் சிறிய சில ஓடுகள் மட்டுமே தென்படும். நடுவிலுள்ள களிமண்ணில்தான், பூமியின் மேலோட்டில் அரிதான, ஆனால் சிறுகோள்களில் கூடுதலாக உள்ள இரிடியம் என்ற உலோகம் மிகையாக இருப்பதை லூயிஸ் ஆல்வாரெசும் அவர் மகன் வால்டரும் சக ஆய்வாளர்களும் 1980இல் அறிவித்தார்கள்.

இனி அச்சத்தின் அளவைப் பற்றி. ஒரு கிலோமீட்டரைத் தாண்டிய, பூமியை நெருங்கும் சிறுகோள்களில் 90 சதவீதத்துக்கும் மேல் கண்டறியப்பட்டுவிட்டன. அவற்றில் எதுவும் அடுத்த நூறாண்டுகளில் மோதும் பாதையில் இல்லை. 2029 ஏப்ரல் 13 அன்று நம்மைக் கடக்கவிருக்கும் அபோஃபிஸ், புவிப்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் போய்விடும். 2024இன் இறுதியில் கண்டுபிடிக்கப்பட்ட 2024 ஒய்.ஆர்.4, 2032இல் பூமியில் மோதக்கூடிய வாய்ப்பு ஒரு கட்டத்தில் 3.1 சதவீதம் வரை ஏறி, கூடுதல் அளவீடுகள் கிடைத்ததும் புறக்கணிக்கத்தக்க அளவுக்கு இறங்கியது. முன்கூட்டியே தெரிந்தால் பாதையை மாற்றவும் வழியிருக்கிறது: 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் தன்னைவிடப் பெரிய சிறுகோள் ஒன்றைச் சுற்றிவரும், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபோஸ்மீது வேண்டுமென்றே மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரை மணி நேரத்துக்கும் மேல் குறைத்தது.

கைக்கு அகப்படாதவை சிறியவைதான். செல்யாபின்ஸ்க் கல் சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் அதை முன்னதாகப் பார்க்கவில்லை. அப்படியொரு வெளிச்சம் எப்போதாவது வானில் தெரிந்தால், சன்னலை விட்டு விலகி உள்பக்கச் சுவரோரமாகக் குனிந்துகொண்டு சில நிமிடங்கள் பொறுத்திருங்கள்.