கிளச் மாற்றிய பிறகும் ரிவர்ஸ் கரகரக்கிறதா? கியர்பொக்ஸை இறக்க முன் இதைப் பாருங்கள்

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் டொயோட்டா டொல்பின் வேன் ஒன்று இருக்கிறது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு புதுக்குடியிருப்புச் சந்தைக்குச் சாமான். கிளச் வழுக்கத் தொடங்கியதால் பிளேட், பிரஷர் பிளேட், பெயரிங் மூன்றும் சேர்ந்த கிட் ஒன்றை வவுனியாவில் வாங்கிப் பூட்டினேன். கொம்பனிச் சாமான் அல்ல, வேறு தயாரிப்பு. வழுக்கல் நின்றுவிட்டது. ஆனால் இப்போது ரிவர்ஸ் போட்டால் கரகரக்கிறது. பெடலை நாலைந்து தரம் விட்டு விட்டு அமத்தினால் கியர் சுகமாக விழுகிறது. கிட் பிழை, திரும்பவும் கியர்பொக்ஸை இறக்கிக் கொம்பனிக் கிட் போடவேணும் என்று மெக்கானிக் சொல்கிறார். அப்படித்தான் செய்யவேணுமா?"

இப்போதைக்கு கியர்பொக்ஸைத் தொடவேண்டாம். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. பெடலை நாலைந்து தரம் அழுத்தினால் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிளேட்டோ பிரஷர் பிளேட்டோ பிழையென்றால் எத்தனை தரம் அழுத்தினாலும் அது திருந்தாது. அழுத்த அழுத்தத் திருந்துவது ஒயில் லைன் மட்டும்தான். எனவே முதலில் சந்தேகிக்க வேண்டியது லைனுக்குள் இருக்கும் எயர், அடுத்தது மேல் பம்ப் அல்லது கீழ் பம்பின் ரப்பர்.

மேல் பம்ப் என்று நான் சொல்வது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரை. கீழ் பம்ப் என்பது கியர்பொக்ஸின் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர். பெடலை அழுத்தினால் மேல் பம்ப் ஒயிலைத் தள்ளும், கீழ் பம்பின் தண்டு வெளியே வந்து கவட்டையைத் தள்ளும், கவட்டை பெயரிங்கைத் தள்ளும், பெயரிங் பிரஷர் பிளேட்டின் நடுவிலுள்ள ஸ்பிரிங் விரல்களை அமத்தும், பிளேட் எஞ்சினிலிருந்து விடுபடும். ஒயில் சுருங்காது, காற்றுச் சுருங்கும். லைனில் காற்று இருந்தால் பெடல் போகும் தூரத்தின் ஒரு பங்கு காற்றைச் சுருக்கவே செலவாகிவிடும். மிச்சத் தூரம் பிளேட்டை முழுதாக விடுவிக்கப் போதாது, அதனால்தான் ரிவர்ஸ் கரகரக்கிறது.

கிளச் மாத்திரம்தானே மாற்றினோம், லைனுக்குள் காற்று எப்படிப் போனது என்று கேட்பீர்கள். கியர்பொக்ஸை இறக்கும்போது கீழ் பம்பைக் கழற்றித் தொங்கவிடுவார்கள், அல்லது ஹோஸைக் கழற்றுவார்கள். ஹோஸைக் கழற்றினால் காற்று நிச்சயம். தொங்கும் நேரத்தில் யாராவது பெடலை ஒருதரம் மிதித்தாலும் போதும், பிஸ்டன் வெளியே துள்ளிவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது, பலர் இதை யோசிப்பதில்லை. பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட்டின் விரல்கள் கியர்பொக்ஸ் பக்கம் சாய்ந்துகொண்டே வரும், அதனால் கீழ் பம்பின் பிஸ்டன் உள்ளுக்குத் தள்ளப்பட்டு அந்த ஆழத்திலேயே வருடக்கணக்காக ஓடும். புதுப் பிளேட் போட்டதும் விரல்கள் பழைய இடத்துக்குத் திரும்பும், பிஸ்டன் வாய்ப்பக்கமாக வெளியே வந்து ஓடத் தொடங்கும். அந்த வாய்ப்பக்கத்தில்தான் இத்தனை நாளும் கிரவல் தூசியும் மாரிச் சேறும் துருவும் சேர்ந்திருக்கும். முல்லைத்தீவுக் கரையில் மீன் பெட்டி ஏற்றும் வாகனமென்றால் உப்புத்தண்ணீர் வேறு. நேற்றுவரை நன்றாக இருந்த ரப்பர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். புதுக் கிளச் போட்ட கிழமையே கீழ் பம்ப் ஒழுகுவது இதனால்தான். பழி கிட்டின்மேல் விழுகிறது. கிளச்சுக்குக் கியர்பொக்ஸ் இறக்கும்போது கீழ் பம்பின் ரப்பரையும் சேர்த்து மாற்றுவது புத்தி. அதன் செலவு இன்னொருதரம் கியர்பொக்ஸ் இறக்கும் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது.

சரி, வேலைக்கு வருவோம். வேனைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். கீழே படுப்பதென்றால் ஜக்கை மட்டும் நம்பவேண்டாம், ஸ்டாண்ட் வேண்டும். எங்கள் பக்கத்து மண் மாரியில் இளகிக் கிடக்கும், ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடாமல் யாரும் உள்ளே போகக்கூடாது.

முதலில் மேல் பம்புக்கு ஒயில் கொடுக்கும் டப்பாவின் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கீழ் பம்பின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமென்றால் அதன் ரப்பர் போய்விட்டது. பெடலுக்கு மேலே, மேல் பம்பின் தண்டு உள்ளே நுழையும் இடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள், ஈரமென்றால் மேல் பம்ப். பிறகு ஒருவர் பெடலை அழுத்த, நீங்கள் ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள், பழைய ஹோஸ் வீங்குவது விரலுக்குத் தெரியும். ஒழுகல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், ஒழுகும் லைனில் எயர் எடுப்பது, அதாவது உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுவது, வீண்.

ஒயில் எதுவென்று பம்பின் மூடியில் போட்டிருக்கும். பெரும்பாலும் டொட் 3 என்ற வகைப் பிரேக் ஒயில், அதற்கு டொட் 4 போட்டாலும் பிழையில்லை. டொட் 5 என்பது சிலிக்கோன், அதைக் கலக்கவே கூடாது. எஞ்சின் ஒயில், பவர் ஸ்டியரிங் ஒயில் எதுவும் ஒரு சொட்டுக்கூடப் போகக்கூடாது, ரப்பரெல்லாம் ஊதிப் போய்விடும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சாமான். டொட் 3 புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்கவேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 ஆகிறது. ஈரம் பம்புக்குள் துருவையும் கொண்டுவரும். ஆகவே கராஜில் திறந்து பாதியாகக் கிடக்கும் போத்தலை வாங்கவேண்டாம், சீல் உடைக்காத சின்னப் போத்தல் வாங்குங்கள். பெயின்றில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், விட்டால் பெயின்ற் உரியும்.

எயர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். மீன் தொட்டிக்குப் போடும் தெளிவான குழாயில் ஒரு முழம் எடுத்து, ஒரு முனையைக் கீழ் பம்பில் காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளில் மாட்டுங்கள். மறுமுனை, கொஞ்சம் பிரேக் ஒயில் ஊற்றிய போத்தலுக்குள் மூழ்கியிருக்கவேண்டும். மேலே இருப்பவர் பெடலை மெதுவாக அடிவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று அல்லது அரைச் சுற்றுத் திறந்து, குமிழியோடு ஒயில் வந்ததும் மூடவேண்டும். மூடியாயிற்று என்று குரல் கொடுத்த பிறகுதான் பெடலை விடவேண்டும். திறந்திருக்கும்போது பெடலை விட்டால் வந்த காற்று அப்படியே திரும்பிப் போகும். பெடல் தானாக எழும்பாவிட்டால் கையால் தூக்கிவிடுங்கள், கிளச்சில் அது வழமை. குமிழி நிற்கும்வரை இப்படியே செய்யுங்கள். இடையிடையே டப்பாவைப் பார்த்து நிரப்புங்கள், அது வற்றினால் தொடக்கத்திலிருந்து செய்யவேண்டி வரும். மளமளவென்று மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒயில் நுரைத்து, குமிழிகள் பொடிப்பொடியாகப் பிரிந்து உள்ளேயே தங்கிவிடும்.

இப்படிச் செய்தும் பெடல் மெத்தென்று இருந்தால் வேறு வழி இருக்கிறது. காற்று எப்போதும் மேலே போகப் பார்க்கும், நாம் அதைக் கீழே இழுக்கிறோம். அதன் போக்கிலேயே விடலாம். கீழ் பம்பை ஹோஸோடு கழற்றி, ஹோஸ் பூட்டும் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, தண்டைக் கையால் மெல்ல உள்ளே தள்ளுங்கள். டப்பாவில் குமிழி வரும். மெல்ல விட்டுத் திரும்பத் தள்ளுங்கள். ஒயில் டப்பாவுக்கு மேலே எழும்பி வழியலாம், அதனால் முதலே கொஞ்சம் குறைத்து வையுங்கள். கழற்றியிருக்கும் நேரத்தில் பெடலில் யாரும் கால் வைக்கவே கூடாது. என் அனுபவத்தில் மிதித்து மிதித்து அலுத்துப்போன பல வாகனங்கள் இந்த முறையில்தான் சரிவந்தன.

எயர் எடுத்தாயிற்று, ஒழுகலும் இல்லை, ஆனால் அடுத்தநாள் காலையில் பழையபடி என்றால் மேல் பம்பின் உள் ரப்பரைப் பாருங்கள். அது வெளியே ஒழுகாமல் உள்ளுக்குள்ளேயே ஒயிலைப் பின்னால் விடும். சோதிப்பது சுலபம். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, பெடலை அழுத்திச் சில விநாடி கழித்து ரிவர்ஸ் போடுங்கள். நன்றாக விழுந்தால் நியூட்ரலுக்கு எடுத்து, பெடலை விடாமல் ஒரு நிமிடம் அப்படியே பிடித்துத் திரும்பப் போடுங்கள். இப்போது கரகரத்தால் மேல் பம்ப்தான். பிரேக்கில் கால் இருக்கட்டும், வேனுக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கக்கூடாது. பல வாகனங்களில் ரிவர்ஸுக்கு சிங்ரோமெஷ் (பற்களின் வேகத்தைச் சமப்படுத்தி உரசாமல் கியரை விழவைக்கும் பாகம்) இல்லை, பெடலை அழுத்திய கையோடு அவசரமாகப் போட்டால் நல்ல கிளச்சும் ஒரு தரம் உரசும். அதைக் குறையாக எடுக்கவேண்டாம்.

பெடலில் வெறும் ஆட்டமும் கொஞ்சம் இருக்கவேண்டும். டொயோட்டா வேன்களில் பொதுவாக 5 முதல் 15 மில்லிமீற்றர். கியர் விழவில்லை என்று மேல் பம்பின் தண்டை நீட்டி இந்த ஆட்டத்தை இல்லாமல் செய்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஒயில் டப்பாவுக்குத் திரும்பும் துவாரம் அடைபட்டு, சூடேறும்போது கிளச் அரைகுறையாக மிதித்தபடி நிற்கும். புதுப் பிளேட் சில நாளில் எரிந்துவிடும்.

எப்போதுதான் கியர்பொக்ஸை இறக்குவது? பெடல் இறுக்கமாக இருந்து, கீழ் பம்பின் தண்டும் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாமல் முழுதாக ஓடி, அப்போதும் கரகரத்தால் பிழை உள்ளேதான். அப்போதும் கிட்டைக் குற்றம் சொல்ல முன் பூட்டிய விதத்தைப் பாருங்கள். பிளேட்டின் எந்தப் பக்கம் பிளைவீலுக்கு (எஞ்சினோடு சுழலும் பாரச் சக்கரத்துக்கு) என்று அதிலேயே எழுதியிருக்கும், ஸ்பிரிங் துருத்தும் பக்கம் பெரும்பாலும் கியர்பொக்ஸைப் பார்க்கும். திருப்பிப் பூட்டினால் விடாது. பிளேட்டை நடுவில் நிறுத்தும் தண்டு இல்லாமல் கண்மட்டத்தில் பூட்டி, கியர்பொக்ஸின் பாரத்தைப் பிளேட்டில் தொங்கவிட்டால் பிளேட் கோணிவிடும். பிரஷர் பிளேட்டின் ஆணிகளை ஒவ்வொன்றாக முழுதாக முறுக்கினாலும் அதன் மூடி நெளியும். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கவேண்டும். பிளைவீலில் நீலத் திட்டோ வெடிப்போ இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்கவேண்டும், வெடிப்பு ஆழமென்றால் மாற்றத்தான் வேண்டும். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், அந்தத் தூசியைக் கொம்பிரசரால் ஊதவேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

வேறு தயாரிப்பு என்பதால் மட்டும் கிட் கூடாததாகிவிடாது. எக்ஸெடி, ஐசின் போன்றவை வாகனக் கொம்பனிகளுக்கே கிளச் செய்து கொடுப்பவை. பயப்படவேண்டியது அவற்றின் பெயரில் வரும் போலிகளுக்குத்தான். வாங்கும்போது பழைய பிளேட்டைக் கொண்டுபோய் விட்டம், நடுத் துவாரத்தின் பற்களின் எண்ணிக்கை, பெயரிங்கின் உயரம் மூன்றையும் கடை மேசையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். உங்கள் பழைய சாமான் மெக்கானிக்கிடம் இன்னும் கிடந்தால் இப்போதும் எடுத்துப் பெட்டியிலுள்ள இலக்கத்தோடு ஒப்பிடலாம்.

எயர் எடுத்துச் சரிவந்த பிறகு முதல் 500 கிலோமீற்றருக்காவது வேனைப் பதமாக ஓட்டுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மெல்லப் போய்வருவது அதற்குக் கெடுதல் இல்லை. ஏற்றத்தில் அரைக் கிளச்சில் பிடித்து நிற்பதும், வயலுக்குள் இறங்கி நெல் மூட்டை ஏற்றுவதும் அதற்குப் பிறகு இருக்கட்டும்.