கேட்டாத்தானே தெரியும்: மெக்சிகோக்காரரும் நம்மூரு சட்டிலும்

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதி கிரிக்கெட். அதையெல்லாம் அடுத்த இதழுக்குன்னு ஒதுக்கி வச்சிட்டேன், கோவிச்சுக்காதீங்க. பொகவந்தலாவையில இருந்து ஒரு தம்பி எழுதின கேள்வி ரெண்டு நாளா மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதப் பாத்துட்டு மத்த கட்டையும் பிரிச்சா அதுலயும் நாலஞ்சு பட்மிண்டன் கேள்வி கெடக்கு. அதனால இந்தத் தடவ முழுக்க சட்டில் தான், அதான் பட்மிண்டன்ல அடிக்கிற இறகுப் பந்து.

கேள்வி: அண்ணே, ரியோ ஒலிம்பிக்ல இந்தியாவோட ஸ்ரீகாந்த் ஆடின பழைய மெட்ச் ஒன்ன ஃபோன்ல பாத்தேன். எதிர்ல மெக்சிகோக்காரர், பேரு லினோ முன்யோஸ். நேரா ரெண்டு கேம்ல தோத்துட்டார். முதல் சுற்றுலயே தோக்கிறதுக்கா அவ்வளவு தூரம் போகணும்? இதெல்லாம் ஒரு கெரியரா? (வாசகர், பொகவந்தலாவை)

தம்பி, கேள்வி நல்லாத்தான் இருக்கு, கடைசி வரி மட்டும் கொஞ்சம் காரம்.

அந்த மெட்ச் 2016 ஆகஸ்ட்ல நடந்தது. ஸ்கோர் 21-11, 21-17. அந்த குரூப்ல மூணே பேர், ஸ்ரீகாந்த், முன்யோஸ், சுவீடன்காரர் ஹென்றி ஹுர்ஸ்கைனன். மூணுல ஒருத்தர் தான் மேல போகலாம், போனது ஸ்ரீகாந்த். போனவர் சும்மா போகல, அடுத்த சுற்றுல டென்மார்க்கோட யான் யோர்கென்சன அடிச்சாரு, கால் இறுதியில சீனாவோட லின் டான மூணாவது கேம் வரைக்கும் இழுத்து 18-21ன்னு தோத்தாரு. அடுத்த வருஷம் இந்தோனேசியா, அவுஸ்திரேலியா, டென்மார்க், பிரான்ஸ்னு நாலு சுப்பர் சீரிஸ் (அப்ப இருந்த பெரிய போட்டித் தொடர்) பட்டம், 2018 ஏப்ரல்ல உலக நம்பர் 1. அப்பிடிப்பட்ட ஆள்கிட்ட ரெண்டாவது கேம்ல 17 பொயின்ட் எடுத்திருக்காரு நம்ம மெக்சிகோக்காரர். முடிஞ்சா அந்த ரெண்டாவது கேம மட்டும் திரும்பப் பாரு தம்பி, ஸ்கோர மறைச்சுக்கிட்டு பாரு.

சரி, அங்க வந்து சேர்ந்தது எப்பிடி? இது தான் யாரும் கேக்கிறதில்ல. ஒலிம்பிக் பட்மிண்டனுக்கு நாடு பாத்து ஆள் எடுக்கிறது இல்ல, உலக ரெங்கிங் பாத்துத் தான் எடுப்பாங்க. ரியோவுக்கு 2015 மே மாசத்துல இருந்து 2016 மே வரைக்கும் ஒரு வருஷம் கணக்கு. அந்த ஒரு வருஷத்துல ஆடினதுல நல்லா வந்த 10 போட்டியோட பொயின்ட்ட கூட்டுவாங்க, மிச்சமெல்லாம் குப்பைக்கு. வருஷம் முழுக்க மலைக்குப் போயி கொழுந்து எடுத்துட்டு, ஆகக்கூட நிறுத்த பத்து நாள மட்டும் கணக்குல எழுதுற மாதிரின்னு வச்சுக்க. கேக்க சுலபமா இருக்கும், ஆனா பத்து நல்ல நாள் வேணும்னா இருபது நாள் மலையில நிக்கணுமே. டென்மார்க்காரனுக்கு ட்ரெயின்ல ஏறினா அடுத்த போட்டி. மெக்சிகோக்காரருக்கு? குவாத்தமாலா, பெரு, பிரேசில், கனடான்னு ஒவ்வொன்னும் ஒரு ப்ளைட், நல்ல பொயின்ட் வேணும்னா கடல் தாண்டி ஐரோப்பாவுக்கு வரணும், வந்து முதல் சுற்றுலயே தோத்தா டிக்கட் காசும் போச்சு பொயின்ட்டும் சொற்பம். இந்தச் சின்னப் போட்டிகள்ல ஜெயிச்சாலும் பரிசுப் பணம் வந்துபோன செலவுக்கே பத்தாது, கூட டபிள்ஸ் ஆடினாத்தான் கொஞ்சமாவது கட்டுப்படியாகும். முன்யோஸும் யோப் கஸ்தியோங்கிறவரோட டபிள்ஸ் ஆடினவர் தான்.

1991ல பொறந்தவர், ரியோவுல 25 வயசு. அந்த வயசுக்கு முன்னால எத்தன விமானநிலையத்து பெஞ்சில படுத்திருப்பாரோ.

இன்னொரு விஷயமும் இருக்கு, அதையும் ஒளிக்காம சொல்லணும். ஒரு நாட்டுல இருந்து சிங்கிள்ஸுக்கு ஒருத்தர் தான், முதல் 16 இடத்துக்குள்ள ரெண்டு பேர் இருந்தா மட்டும் ரெண்டு. அதால சீனாவோட மூணாவது ஆள், உலகத்துலயே பத்துப் பதினஞ்சு பேருக்குள்ள வர்றவர், வீட்டுல டீவி பாத்துக்கிட்டு இருப்பாரு, அவர விட எத்தனையோ இடம் கீழ உள்ளவர் தொடக்க விழாவுல கொடி பாத்து நிப்பாரு. இது நியாயமான்னு கேட்டா நான் நியாயம்னு தான் சொல்லுவேன், ஏன்னா இந்த வழி இல்லன்னா இலங்கைக்காரன் எவனும் போக முடியாது. நம்ம நிலூக கருணாரத்ன 2012 லண்டன், 2016 ரியோ, டோக்கியோன்னு மூணு ஒலிம்பிக் போனாரு. லண்டன்ல ஜப்பானோட கெனிச்சி தாகோவ 21-18, 21-16ன்னு நேரா கேம்ல அடிச்சாரே, அன்னைக்கு எங்க லயத்துல பாதிப் பேருக்கு பட்மிண்டன் ரூல்ஸே தெரியாது, ஆனாலும் கை தட்டினாங்க. முன்யோஸுக்கு அப்பிடி ஒரு நாள் அமையல. அமையாதவங்க கெரியரும் கெரியர் தான் தம்பி, நீ கேட்டதுக்கு இது தான் என் பதில்.

கேள்வி: மெக்சிகோவுல 13 கோடி சனம் இருக்கே, அவ்வளவு பேருக்குள்ள நல்ல பட்மிண்டன் ஆள் ஒருத்தர் கூட கிடைக்கலயா? (வாசகி, பண்டாரவளை)

சனத்தொகைய வச்சு பாத்தா நம்ம பக்கத்து நாடு ஒலிம்பிக்ல எங்கயோ நிக்கணுமே டீச்சர். (எழுத்தப் பாத்தா டீச்சர் மாதிரி இருக்கு, தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க.)

அங்க புட்போல், குத்துச்சண்டை, பேஸ்போல் இந்த மூணுக்கும் பிறகு தான் மத்ததெல்லாம். பட்மிண்டன்ல பாத்தா ஒலிம்பிக்குக்கு ஒருத்தர்னு வர்றாங்க. 2008 பெய்ஜிங்குக்கு டெயனிரா அங்குலோ, 2012 லண்டனுக்கு விக்டோரியா மொன்டெரோ, அடுத்தது நம்ம முன்யோஸ், டோக்கியோவுக்கு ஹரமாரா கய்தான், 2024 பாரிசுக்கு லூயிஸ் ராமோன் கரிதோ. ஹரமாராங்கிறது அங்க உள்ள விஷாரிகாங்கிற ஆதிக்குடி மக்களோட கடல் தாய் பேரு. நம்ம ஊருல கங்கான்னு பேரு வைக்கிற மாதிரி.

ஆனா பக்கத்துல பாருங்க, குவாத்தமாலா. மெக்சிகோவுல ஏழெட்டுல ஒரு பங்கு சனம் தான் இருக்கும். அங்க இருந்து வந்த கெவின் கொர்டோன் டோக்கியோவுல அரை இறுதி வரைக்கும் போயி நாலாவதா வந்தாரு! இடது கைக்காரர். 2011லயும் 2015லயும் பான் அமெரிக்கன் கேம்ஸ் தங்கம், அதுல 2011 நடந்ததே மெக்சிகோவோட குவாதலஹாரா ஊருல, மெக்சிகோ சனத்துக்கு முன்னாலயே தங்கத்தத் தூக்கிட்டுப் போனாரு. அவரு வளந்தது லா யூனியன்ங்கிற சின்ன ஊருல, கோச் இந்தோனேசியாக்காரர். 34 வயசுல அரை இறுதி. நல்ல கோச் ஒருத்தர் ஒரே இடத்துல வருஷக்கணக்கா நிக்கிறதும், விளையாடுறவர் பிடிச்ச பிடிய விடாம நிக்கிறதும் தான் இதுக்குக் காரணம்னு நான் நெனக்கிறேன்.

கேள்வி: நுவரெலியாவுல ஒரு ஹோல்ல ஆடுறோம் அண்ணே. கொழும்புல ஆடின அதே சட்டில இங்க அடிச்சா பின் கோட்டத் தாண்டி வெளிய போகுது. கை பழக்கம் போச்சா, இல்ல சட்டில் பழுதா? (ரெண்டு நண்பர்கள், நுவரெலியா)

கையும் பழுதில்ல சட்டிலும் பழுதில்ல. காத்து தான் காரணம்!

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். மெக்சிகோ சிட்டி 2240. மேல போகப் போக காத்து ஐதாகும், சட்டில பிடிச்சு நிறுத்துறதே காத்து தானே, அது ஐதாகினா சட்டில் நிக்காம ஓடும். 1968ல மெக்சிகோ சிட்டியில ஒலிம்பிக் நடந்தப்ப அமெரிக்காவோட பொப் பீமன் 8.90 மீற்றர் நீளம் பாஞ்சாருல்ல, அதுக்கும் இந்த ஐது காத்து ஒரு கை குடுத்ததா சொல்லுவாங்க. உங்க ஊருல குளிர் வேற, குளிர் காத்த கொஞ்சம் கனக்கப் பண்ணும், அதனால மலை குடுக்கிற வேகத்துல கொஞ்சத்த குளிர் திருப்பி எடுத்துக்கும். ஆனாலும் கணக்குப் பாத்தா கொழும்ப விட உங்க காத்து ஆறுல ஒரு பங்கு ஐது.

டியூப்ல நம்பர் இருக்கும் பாருங்க, 75, 76, 77, 78, 79ன்னு. நம்பர் குறையக் குறைய சட்டில் மெதுவு. கொழும்புல எந்த நம்பர்ல ஆடினீங்களோ அத விட ஒன்னு ரெண்டு குறைச்சு வாங்குங்க. நைலோன் சட்டில்னா மூடியோட நிறத்தப் பாருங்க, பச்ச மெதுவு, நீலம் நடு, சிவப்பு வேகம். உங்களுக்குப் பச்ச.

வாங்கினதும் ஆடத் தொடங்காதீங்க, முதல்ல சோதிக்கணும். பின் கோட்டுக்கு நேர மேல நின்னு, கீழ இருந்து மேலாக்கா முழு பலத்தோட, பக்கக் கோட்டுக்கு நேரா ஒரு அடி. சட்டில் அந்தப் பக்கத்து பின் கோட்டுக்கு 53 சென்ரிமீற்றர்ல இருந்து 99 சென்ரிமீற்றர் வரைக்கும் இங்கால விழுந்தா சரியான வேகம். கோட்ட ஒட்டி விழுந்தா வேகம் கூட. இது சும்மா கிளப் பழக்கம் இல்ல, விதியிலயே உள்ளது. மெது நம்பர் கிடைக்கலன்னா இறகு நுனிய கொஞ்சமா வெளிப்பக்கம் மடிச்சு விட்டாலும் வேகம் குறையும், ஆனா பாத்து மடிங்க, 16 இறகுல ஒன்னு ஒடிஞ்சாலும் சட்டில் ஆடிக்கிட்டே போகும். மெக்சிகோவுல சட்டிலுக்கு கயீத்தோன்னு பேரு, சேவக்குஞ்சுன்னு அர்த்தம். நுனிய மடிச்சு விட்டா உங்க சேவக்குஞ்சும் கொஞ்சம் அடங்கும்.

கேள்வி: மகளுக்கு 15 வயசு, ஸ்கூல் டீம்ல ஆடுறா, இதையே தொழிலா எடுக்கப் போறேன்னு நிக்கிறா. நான் தோட்டத்துல வேல, அவங்க அப்பா கொழும்புல கடையில. விடலாமா? (ஒரு அம்மா, தலவாக்கலை)

அக்கா, இதுக்கு நான் ஆமா இல்லன்னு எழுதினா அது பொறுப்பில்லாத வேலை. தெரிஞ்சத சொல்றேன்.

இறகு சட்டில் ஒரு டியூப்ல 12 இருக்கும். ஒழுங்கா பயிற்சி எடுக்கிற புள்ளைக்கு அது சில நாளைக்குத் தான் காணும். நீங்க ஒரு நாள் பேர் போட்டு எடுக்கிற சம்பளத்துக்கு ஒரு நல்ல டியூப் வராது. ரெக்கட்டு, சப்பாத்து, பஸ் காசு எல்லாம் அதுக்கு மேல. மேல சொன்ன மெக்சிகோக்காரருக்கு அரசாங்க உதவி கிடைக்கிற நாட்டுலயே அவ்வளவு பாடுன்னா நம்ம நிலம உங்களுக்கே தெரியும். நான் சின்னதுல லயத்து வாசல்ல உடுப்புக் கொடிய நெட்டா கட்டி ஆடினவன், பிறகு ஒரு ஹோல்ல சேரப் போனேன், சந்தாவக் கேட்டதும் திரும்பி வந்துட்டேன். அந்தக் கசப்புல உங்க புள்ளைக்கு வழி சொன்னா தப்பாப் போயிடும்.

அதனால இப்பிடிப் பண்ணுங்க. ஓ லெவல் எழுதட்டும், அது வரைக்கும் ஆட்டத்த நிறுத்தாதீங்க. ஸ்கூல் மட்டத்துல மாகாணம் வரைக்கும் போறாளான்னு பாருங்க, போனா அதுவே பிறகு விளையாட்டு ஆசிரியர், கோச்னு போறதுக்கு ஒரு கதவு. நைலோன் சட்டில்ல பழகினா கெட்டுப் போயிடுவான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கால் ஓட்டம் பழக எந்த சட்டிலும் போதும். அப்புறம் அவ கிட்ட ஒன்னு கேளுங்க: தோத்த மெட்சப் பத்தி வீட்டுல வந்து பேசுறாளா, இல்ல பேச்சே எடுக்காம ரெக்கட்ட மூலையில போடுறாளா. பேசுறான்னா எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்க, எப்பிடிப் பேசுறான்னு எழுதுங்க.

கேள்வி: பட்மிண்டனா டென்னிஸா, எது கஷ்டம்? (வாசகர், பதுளை)

மழைக்காலத்துல டென்னிஸ். நம்ம ஊருல கோட் காயிறதுக்குள்ள அடுத்த மழை வந்துடும்.