வைப்பர் தண்ணீர் டேங்க் இரண்டே நாளில் காலியாவது பற்றி

வணக்கம் சகோ. நிரப்பி இரண்டு நாளில் டேங்க் காலி, திருமங்கலம் மெக்கானிக் டேங்கையே மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். காசு கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி பொறுங்கள்.

சாயங்காலம் வண்டிச் சூடு ஆறியதும் கழுத்துவரை நிரப்பி, பம்பருக்கு அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் டேங்க் அடிவரை காலியாகியிருந்தால், பெரும்பாலும் பம்ப் செருகியிருக்கும் இடத்து ரப்பர் வாஷர்தான் காரணம். நம்ம மதுரை வெயிலில் அது இறுகி வெடித்துவிடும். தண்ணீர் பாதிவரை இறங்கி, அடுத்த நாளும் அதற்குக் கீழே இறங்காமல் நின்றிருந்தால் அந்த மட்டத்தில் விரிசல் இருக்கலாம். கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும்போது மட்டும் ஒழுகினால் குழாயைப் பாருங்கள், எலி கடித்திருக்கலாம். போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஒழுகிய இடத்தில் வெள்ளையாக உப்புத் தடம் தெரியும், நன்றாகத் தேடுங்கள்.

பல வண்டிகளில் டேங்க் முன்சக்கரத்துக்கும் பம்பருக்கும் நடுவில் இருக்கும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, சக்கரத்துக்கு உள்பக்கத்து பிளாஸ்டிக் தடுப்பின் கிளிப்புகளைக் கழற்றினால் கை எட்டும். பம்பை உருவி, பழைய ரப்பரை எடுத்துவிட்டு, புதியதில் சோப்புத் தண்ணீர் தடவிச் செருகுங்கள். பம்ப் வயரை மறக்காமல் மாட்டுங்கள்.

விரிசல் என்றால் எம்சீல் வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக்கில் அது பிடிக்காது. என் வண்டியில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அப்போது மெக்கானிக் சொன்னதுதான் சரி, டேங்கை மாற்றிவிடுங்கள். அப்புறம் ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றுங்கள், கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் நாசிலை உப்பு அடைக்காது.