வேளச்சேரியில் வாடகை வீடு: பகுதி பாதுகாப்பானதா என்று எப்படிப் பார்ப்பது?
தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை இதற்கு உதவாது. அதில் சென்னை முழுவதற்கும் ஒரே விகிதம்தான், லட்சம் பேருக்கு இத்தனை வழக்கு என்று. தெருவைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

முதலில் அந்தத் தெரு எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறது என்று கேளுங்கள்; பக்கத்துத் தெருவே வேறு நிலையத்தில் இருக்கலாம். பிறகு தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் அந்த நிலையத்தின் முதல் தகவல் அறிக்கைகளைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 304 என்றால் பறிப்பு (கையிலிருந்தோ உடலிலிருந்தோ பொருளைத் திடீரெனப் பறிப்பது), 305 என்றால் வீடு போன்ற இடங்களில் திருட்டு. சம்பவ நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம். பாலியல் குற்ற வழக்குகளைப் பதிவேற்ற மாட்டார்கள். அவை கண்ணில் படாததால் நடக்கவில்லை என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். அந்த ஆபத்தைக் கணிக்க, இரவு 10 மணிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை நடந்து, தெருவிளக்கையும் திறந்திருக்கும் கடைகளையும் பாருங்கள்.