கச்சான் அடிக்கும்போது கிழக்கே போங்கள்

(திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் 24 வருஷமாக டிராவல்ஸ் நடத்தும் பயண ஆலோசகர் வாசகர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை தீவுப் பயணங்கள்.)

கேள்வி: அக்கா, நானும் வீட்டுக்காரரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். பிள்ளைகளுக்கு வயது 11, 7. எங்களுக்கு லீவு என்றால் மே மாதம்தான். இலங்கைக்குப் போகலாம் என்று ஓர் ஏஜென்டிடம் கேட்டோம். மே கடைசி வாரத்தில் கொழும்பு, பெந்தோட்டை, காலி, மிரிஸ்ஸ என்று 6 நாள் திட்டம் தந்திருக்கிறார். விலையும் நன்றாகக் குறைத்திருக்கிறார். முன்பணம் கட்டிவிடலாமா?
– ஆசிரியை, சங்கரன்கோவில்

பதில்: கட்டாதீர்கள், தங்கச்சி.

ஊர்களில் குறை இல்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை எத்தனையோ குடும்பங்களை நானே அங்கே அனுப்பியிருக்கிறேன். மாதம்தான் தப்பு. விலை இறங்கிக் கிடப்பதற்கும் அதுதான் காரணம்.

இதற்கு விளக்கம் உங்கள் வீட்டு மாடியிலேயே இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கே பாருங்கள். மலைமேல் மேகம் அப்பிக் கிடக்கும், குற்றாலத்தில் சாரல் விடாமல் தூறும். உங்கள் தெருவில் ஒரு சொட்டு விழாது. காற்று மட்டும் புழுதியை வாரி அடிக்கும். மேற்கிலிருந்து வருகிற காற்று, சுமந்து வந்த ஈரத்தில் பெரும்பங்கை மலையில் ஏறும்போதே இறக்கி வைத்துவிடுகிறது. இந்தப் பக்கம் வரும்போது அது வெறுங்காற்று.

இலங்கையின் நடுவிலும் அப்படி ஒரு மலைக்கூட்டம் நிற்கிறது. அதில் உயரமான சிகரம் 2,524 மீட்டர். மே மூன்றாம், நான்காம் வாரத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால், கொழும்பு, பெந்தோட்டை, காலி எல்லாம் குற்றாலம் பக்கம். மலையைத் தாண்டிக் கிழக்கே இருக்கிற திருகோணமலையும் பாசிக்குடாவும் சங்கரன்கோவில் பக்கம். செப்டம்பர் வரைக்கும் இதே கதைதான். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வாடை மழை பிடிக்கிறபோது அந்த மறைவும் போய்விடும். அப்போது திருகோணமலையும் நனையும். மழை விட்டு மார்கழி, தை வந்தால் காலிக் கடல் அமைதியாகிவிடும். இவ்வளவு சின்ன தீவில் வருஷத்தில் பெரும்பகுதி ஏதாவது ஒரு கரை மலை மறைவில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

என் அப்பா உவரியில் கட்டுமரத்தில் போனவர். மாதத்தின் பெயரைவிடக் காற்றின் பெயர்தான் அவர் வாயில் முதலில் வரும். மேற்கே இருந்து அடித்தால் கச்சான், கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், வடக்கிலிருந்து இறங்கினால் வாடை. முதல் தடவை திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளிக்குப் போனபோது அங்கே ஒரு படகுக்காரர், "கச்சான் தொடங்கிட்டுது, இனி இந்தப் பக்கம் கடல் நல்லம்" என்றார். அப்பாவின் சொல்லை அந்தக் கரையில் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. (அங்கே நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். கடற்கரையில் "கச்சான், கச்சான்" என்று கூவினால் காற்றைச் சொல்லவில்லை, சுருளில் வறுத்த கடலை வருகிறது.)

இவ்வளவு தெரிந்தும் நான் ஒரு தடவை தவறியிருக்கிறேன். 2012 ஜூனில் 14 பேரைக் காலிக்குப் பக்கத்து ஹிக்கடுவைக்கு அழைத்துப் போனேன். ஹோட்டல்காரர் "லேசாகத் தூறும், அவ்வளவுதான்" என்று போனில் சொன்னார், நான் நம்பினேன். போய்ப் பார்த்தால் கடல் பாலில்லாத டீ நிறத்தில் கிடக்கிறது. அலை திரும்பும்போது மணலைக் கரண்டியால் வழிப்பதுபோல் அள்ளிக்கொண்டு போகிறது. சிவப்புக் கொடி 3 நாளும் இறங்கவில்லை. எங்களோடு வந்த ஒரு சின்னப் பெண், வீட்டிலிருந்தே ஊதிக் கொண்டுவந்த ரப்பர் வளையத்தை இடுப்பில் மாட்டியபடி வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் அதைக் கழற்றவில்லை. ஊருக்கு வந்ததும் எல்லோருக்கும் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வளையம் இன்னமும் கண்ணில் நிற்கிறது. உங்கள் சின்னப் பிள்ளைக்கு 7 வயது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? அதே 6 நாளைக் கிழக்கே திருப்புங்கள். மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் இருக்கிறது. இறங்கியதும் கொழும்பு நகருக்குள் போகாமல் நேரே தம்புள்ளை போய் இரவு தங்குங்கள். மறுநாள் காலை 7 மணிக்குச் சிகிரியாக் குன்றில் ஏறத் தொடங்கிவிட வேண்டும். சுமார் 1,200 படி; மே மாத வெயிலில் 10 மணிக்கு மேல் பிள்ளைகளால் முடியாது. மதியம் திருகோணமலைக்கு வண்டி பிடித்தால் சாயங்காலம் நிலாவெளி.

அங்கே 2 இரவு. முதல் நாள் திருகோணமலைக் கோணேசர் கோயில். சம்பந்தர் பாடிய தலம், கடலுக்கு நேர் மேலே செங்குத்துப் பாறையில் நிற்கிறது. வரும் வழியில் கன்னியா வெந்நீர் ஊற்று. 7 கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. பிள்ளைகள் வாளி வாளியாக மொண்டு ஊற்றிக்கொள்வார்கள். அடுத்த நாள் காலை 8 மணிக்கெல்லாம் புறாத்தீவுக்குப் படகு. கரையிலிருந்து சுமார் 1 கிலோமீட்டர்தான். முகக்கண்ணாடி போட்டுத் தண்ணீரில் முகத்தை வைத்தாலே பவளப்பாறையும் மீனும் தெரியும். பாறையை மிதிக்காமல் நீந்தச் சொல்லிக் கொடுத்தே இறக்குங்கள். மிதித்த இடம் செத்துப்போகும். திரும்ப வளர வருஷக்கணக்கு ஆகும்.

மிச்சம் 1 இரவு பாசிக்குடாவுக்கு. அங்கே கரையிலிருந்து வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவுதான். அலையும் பெரிதாக இருக்காது. நீச்சல் தெரியாத பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்தத் தீவில் இதைவிட நல்ல கடல் நான் பார்த்ததில்லை. கடைசி இரவு விமான நிலையத்துக்குப் பக்கம் நீர்கொழும்பில் தங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். மே மாதப் பௌர்ணமி வெசாக், புத்தர் பிறந்த நாளைக் கொண்டாடும் திருவிழா. மதுக்கடை, இறைச்சிக்கடை அடைத்திருக்கும். சாலையில் கூட்டம் நெரியும். ஆனால் தெருவெல்லாம் வெசாக் கூடுகள் என்கிற காகித விளக்குகள் எரியும், வழியில் போகிறவர்களை நிறுத்திச் சோறு போடுவார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி. அன்றைக்கு நீண்ட பயணம் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எனக்கு ஆவணி கடைசியில் கல்யாணம். வீட்டுக்கு வரப்போகிறவர்களுக்கு அந்தமான் பார்க்க ரொம்ப ஆசை. செப்டம்பரில் 8 நாள் லீவு கிடைக்கும். டிக்கெட் போடலாமா அக்கா?
– அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி

பதில்: வாழ்த்துகள் தம்பி. அந்தமானைத் தைக்கோ மாசிக்கோ தள்ளி வையுங்கள்.

இலங்கைக்குச் சொன்ன மறைவுக் கணக்கு அங்கே செல்லாது. அந்தமான் ஒடுக்கமான தீவுக்கூட்டம். இரண்டு பருவக்காற்றும் நனைக்கும். மே மூன்றாம் வாரத்துக்குமேல் ஆரம்பித்தால் நவம்பர், சில வருஷம் டிசம்பர் தொடக்கம் வரை இழுக்கும். வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. நம் திருநெல்வேலியில் பெய்வதைப்போலப் பல மடங்கு.

நனைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல் படகில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கும் நீல் தீவுக்கும் படகில்தான் போகவேண்டும். (இப்போது டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம், ஸ்வராஜ் தீப், ஷஹீத் தீப் என்று இருக்கும். குழம்ப வேண்டாம், அதே ஊர்கள்தான்.) காற்று மிஞ்சினால் படகை நிறுத்திவிடுவார்கள். நான் அனுப்பிய ஒரு புது ஜோடி, ஓர் ஆகஸ்டில் ஹேவ்லாக்கில் 2 நாள் மாட்டிக்கொண்டு ஊர் திரும்பும் விமானத்தை விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த மாதமானாலும் கடைசி இரவை போர்ட் பிளேரில் வைக்காமல் நான் யாருக்கும் டிக்கெட் போடுவதில்லை.

மாசியில் போனால் ஹேவ்லாக்கின் ராதாநகர் கரையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். கடிகாரம் நம்முடையதுதான், சூரியன் நம்முடையது இல்லை. நம்மைவிட வெகு கிழக்கே இருப்பதால் விடியற்காலம் சீக்கிரம் வெளிச்சம் வந்துவிடும், சாயங்காலம் 5.30-க்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து கடலுக்குப் போகலாம் என்றிருந்தால் இருட்டில்தான் நிற்பீர்கள்.

செப்டம்பரில் போயே ஆகவேண்டும் என்றால் பாலிக்குப் போங்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே வறண்ட காலம். ஆஸ்திரேலியா பக்கமிருந்து தென்கிழக்குக் காற்று காய்ந்து வரும். தெற்கே அடிக்கிற தென்கிழக்குக் காற்றுதான் ரேகையைத் தாண்டியதும் திரும்பி, கடல் ஈரத்தைச் சுமந்துகொண்டு நம் பக்கம் கச்சானாக வருகிறது என்பார்கள். நமக்கு மழைக்காற்று, அவர்களுக்கு உலர்காற்று. ஆனால் ஆசைப்பட்டது அந்தமான் அல்லவா? முதலில் அவர்களைக் கேளுங்கள். 5 மாதம் பொறுத்து அந்தமானா, இப்போதே பாலியா என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுங்கள். நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: லட்சத்தீவுக்கு நேரே டிக்கெட் எடுத்துப் போய் இறங்க முடியுமா?
– வள்ளியூர் வாசகர்

பதில்: முடியாது. முதலில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அப்புறம் கொச்சியிலிருந்து கப்பல். தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம். அல்லது அகத்திக்கு விமானம். அக்டோபர் முதல் மே பாதி வரை போகலாம். அதற்குப் பின் கச்சான் நேரே மோதுகிற கடல் அது, நான் யாரையும் அனுப்புவதில்லை.

கேள்வி: நாங்கள் 5 நண்பர்கள். மாலத்தீவு என்றாலே லட்சக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். எங்களை மாதிரி ஆட்கள் போக வழி இருக்கிறதா? எந்த மாதம்?
– மேலப்பாளையம்

பதில்: இருக்கிறது தம்பிகளா. லட்சம் கேட்பது ஒரு தீவுக்கு ஒரு ஹோட்டல் என்று இருக்கிற ரிசார்ட்டுகள். மக்கள் குடியிருக்கிற மாஃபுஷி மாதிரித் தீவுகளில் சின்ன விடுதிகள் நிறைய உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து மாலே, மாலேயிலிருந்து அரசுப் படகு. வெள்ளிக்கிழமை அந்தப் படகு ஓடாது என்பதை மனதில் வைத்து நாளைக் குறியுங்கள். ஐந்து வேளையும் பாங்கு கேட்கிற ஊர், மது கிடையாது, சாப்பாடு ஹலால். உங்களுக்கு அந்நியமாகவே தெரியாது. நம் கடைகளில் விற்கிற மாசிக்கருவாடு அங்கிருந்து வந்த பண்டம்தான். காலையில் சூரை மீனையும் தேங்காய்ப் பூவையும் வெங்காயத்தோடு பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். அதை விட்டுவிடாதீர்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி, வானம் தெளிவு, விலை அதிகம். மே முதல் அக்டோபர் வரை விலை இறங்கும். அங்கே மலை இல்லாததால் மறைவுக் கரை என்று ஒன்றும் கிடையாது. மழை வந்தால் எல்லோருக்கும்தான். ஆனால் அந்த மழைக்காலத்திலும் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. பா அட்டோல் என்கிற தீவுக்கூட்டத்தில் ஹனிஃபாரு என்ற குடாவுக்கு அப்போதுதான் மாண்டா திருக்கைகள் கூட்டமாக இரை தேடி வரும். ஜமுக்காளத்தை விரித்தாற்போல ஒவ்வொன்றும். அதைப் பார்க்க ஆசையிருந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் நனைந்துகொண்டே போங்கள். குளிக்க மட்டும்தான் என்றால் பிப்ரவரி.

கேள்வி: எனக்கு 68 வயது. சாவதற்குள் கோணேசரையும் யாழ்ப்பாணத்து நல்லூர் முருகனையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. மகனுக்குத் தீபாவளியை ஒட்டித்தான் லீவு கிடைக்குமாம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் விடுகிறார்களாமே, அதில் போகலாமா?
– திசையன்விளை அம்மா

பதில்: அம்மா, தீபாவளிக்கு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நமக்குப் பெய்கிற அதே மழைதான் யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் பெய்கிறது. இடையில் இருப்பது கொஞ்சம் கடல். புயலும் அந்தக் காலத்தில்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் திருகோணமலைப் பக்கம் கரையேறித்தான் வந்தது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு சின்னாபின்னமானது. நம் பக்கத்தில் 2023 டிசம்பர் 17, 18-ல் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடுகிற கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. தொடங்கிய சில நாளிலேயே வாடைப் பருவத்துக்காக நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில்தான் மறுபடி விட்டார்கள். அதிலிருந்தே எந்த மாதம் போகலாம், எது கூடாது என்று தெரிகிறது அல்லவா?

மகனிடம் ஆடி, ஆவணியில் 5 நாள் லீவு கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் கிடைக்கும், கேட்க வையுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆவணி அமாவாசையன்று தீர்த்தம், அதற்கு முந்தின நாள் தேர். அப்போது யாழ்ப்பாணத்தில் வெயில்தான், கச்சான் மழை அந்தப் பக்கம் எட்டாது. தேர்த் திருநாளில் கூட்டம் தாங்க முடியாது, உங்கள் வயதுக்கு வேண்டாம். அதற்கு 4, 5 நாள் முன்னதாகப் போய் இறங்கினால், சாயங்காலத் திருவிழாவை நிதானமாக நின்று பார்க்கலாம். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், மகனிடம் சொல்லி வையுங்கள். வெளி வீதியில் மணல் பரப்பியிருக்கும், செருப்பு போடக்கூடாது. மத்தியானம் அந்த மணல் சுடும். அதனால் காலை பூஜைக்கு ஒரு தடவை, வெயில் தாழ்ந்தபின் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து திருகோணமலைக்குக் காரில் போகலாம். நடுவே வவுனியாவில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கோணேசர் சன்னதிக்கு வண்டி நிற்கிற இடத்திலிருந்து ஏற்றம் உண்டு. கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள்.